மருந்து எழுதாத டாக்டர்

லிகாயா திமாகுலாங்கன் டாக்டர்தான். ஆனால் காய்ச்சல் என்று போய் நின்றால், "நத்தைக்கா, உங்களுக்கா? நத்தைக்குன்னா பார்க்கலாம்" என்பாள். பிலிப்பைன்ஸில் அவள் பிறந்து வளர்ந்த பத்தாங்காஸ் தெருவில் இதற்கு யாரும் சிரிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வீடு திரும்புவதற்குள் வாசலில் இரண்டு மூன்று பேராவது நின்றிருப்பார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிக் கட்டைவிரலை நீட்டுவார். ஒருத்தி நாக்கை நீட்டுவாள்.

"நான் அந்த டாக்டர் இல்லங்க."

"தெரியும்மா. நீ பெரிய டாக்டர். மணிலாவுல மருந்து எழுதறியாமே?"

"மருந்து எழுதல. மருந்தைப் பத்தி எழுதறேன்."

"அதைத்தானே நானும் சொல்றேன். நாக்கைப் பாரேன்."

இந்தக் குழப்பத்துக்கு மூலகாரணம் அவளுடைய அம்மா. மகள் ஆய்வுப் படிப்பில் சேர்ந்த அன்றே, "பொண்ணு டாக்டருக்குப் படிக்கிறா" என்று சந்தை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். என்ன டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

எல்லோரும் அவளைக் காயா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் நத்தை எந்த நாற்றைத் தின்கிறது என்று ஆராய லாஸ் பான்யோஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்து, இங்கேயே பெண் கட்டி, வேர் பிடித்துப்போன தமிழன். செங்குட்டுவன் என்ற என் பெயரின் நீளத்தைப் பார்த்துப் பயந்து ஊரார் அதைச் 'செங்' ஆக்கிவிட்டார்கள். அவள் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் "காயா, பழமா?" என்று கேட்கத் தோன்றும். அதன் பொருளை ஒருநாள் அவளுக்கு விளக்கிச் சொன்னேன். அதிலிருந்து ஒவ்வொரு நேர்முகத் தேர்வு முடிந்ததும் அவளே கைப்பேசியில் கூப்பிட்டு, "காய்" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிடுவாள். நிறைய காய்கள். ஒரு தோப்பே வைக்கலாம்.

அவளும் நானும் டாக்டர் மங்குபாத்தின் ஆய்வகத்தில் அடுத்தடுத்த மேசை. மங்குபாத்துக்கு இந்த உலகத்தில் பிடித்தவை இரண்டு. ஒன்று, வயல் நத்தை. அது நெல் தண்டில் இளஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாய் முட்டையிடும். மிட்டாய்போல மின்னும் அந்த முட்டையை ஏறக்குறைய எந்தப் பிராணியும் தொடாது. ஏன் தொடுவதில்லை என்று கண்டுபிடிப்பதற்காகவே அவர் கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளவில்லை. இரண்டாவது, நீளமான வாக்கியம். அவர் வாக்கியம் ஒன்று மக்கிலிங் மலையடிவாரத்தில் புறப்பட்டால், உச்சியைத் தொட்டு மறுபக்கம் இறங்கித்தான் மூச்சு விடும். கூடப் போன எங்களுக்கு வழியிலேயே மூச்சு வாங்கும்.

காயாவுக்கு அது தாங்காது. ஆய்வகத்தில் யார் என்ன எழுதினாலும் பறித்துக்கொண்டுபோய்த் திருத்துவாள். கூலி, இளந்தேங்காய் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் ஆளுக்கொன்று. என் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு என்னைப் பாவம்போலப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

"செங், இதுல நீ என்னதான் சொல்ல வர்றே?"

"நத்தைக்கு இளநாத்துதான் பிடிக்குது. கொஞ்சம் முத்தின நாத்தா நட்டா பயிர் தப்பிச்சிடும்."

"நல்லா இருக்கே! அதை ஏன் இதுல எங்கேயுமே சொல்லல?"

நான் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். உண்மைதான். எங்கேயும் சொல்லவில்லை.

அவளுடைய குடும்பப் பெயர் திமாகுலாங்கனுக்கு, குறைக்க முடியாதது என்று பொருள். குறைப்பதையே பிழைப்பாகக் கொள்ளப்போகிறவளுக்கு இப்படி ஒரு பெயர் வாய்த்ததில் மங்குபாத்துக்கு ரொம்பத் திருப்தி. "உன் பரம்பரைக்கே நீ விரோதி" என்பார்.

பட்டம் கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை. துறையில் இருந்தது ஒரே நிரந்தர இடம். அதில் உட்கார்ந்திருந்தவர் எருமைபோல ஆரோக்கியமாக இருந்தார். பூச்சியியல் துறையில் ஒருவர் கனடாவுக்குப் போன புண்ணியத்தில் எனக்கு ஓர் இடம் கிடைத்தது. காயா அங்கொரு கல்லூரி, இங்கொரு கல்லூரி என்று ஒப்பந்தத்தில் பாடம் நடத்திக்கொண்டு, பேருந்திலேயே பாதி ஆயுளைக் கழித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய தாய்மாமன், தியோ அம்போ, ஒரு காரியம் செய்தார்.

தியோ அம்போ ஜீப்னி என்ற சிற்றுந்து ஓட்டிக்கொண்டிருந்தவர். திடீரென்று எந்நேரமும் தூக்கமும் அசதியுமாக ஆகிவிட்டது. சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினால், பச்சை விழுந்ததும் பயணிகள்தான் எழுப்ப வேண்டும். தைராய்டு மந்தம் என்று மருத்துவர் மாத்திரை கொடுத்தார். மாதங்கள் போயும் ஒரு முன்னேற்றமும் இல்லை. ஒருநாள் காலை காயா அவர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். மாமா பூண்டுச் சோறு, கருவாடு, முட்டை எல்லாவற்றையும் திருப்தியாக முடித்துவிட்டு எழுந்தார். வாசலுக்கு வந்தார். பனியனை மார்பு வரைக்கும் சுருட்டினார். தொப்பையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மாத்திரையை விழுங்கினார்.

"மாமா, எதுக்குப் பனியனைத் தூக்கறீங்க?"

"மாத்திரை போடணும்ல?"

"மாத்திரை வாய் வழியாத்தானே போகுது?"

"வாய் வழியாத்தான் போகுது. ஆனா வெறும் வயிறா இருக்கணும்னு அதுல போட்டிருக்கே. டாக்டருக்குப் படிச்சவ, உனக்கு இதுகூடத் தெரியாதா?"

உள்ளேயிருந்து மாமி கத்தினாள்: "வீட்டுக்குள்ளேயே போடுங்கன்னா கேக்கறாரா? காத்து படணுமாம்! எதிர்வீட்டுக்காரி ஜன்னலையே சாத்திட்டா!"

காயா மாத்திரைப் பெட்டியில் இருந்த தாளை எடுத்துப் பார்த்தாள். தகாலோக் மொழியில் யாரோ அவசரத்தில் மொழிபெயர்த்திருந்தார்கள். சாப்பிடுவதற்கு முன்னால் என்று சொல்ல வேண்டிய இடத்தில், துணி மூடாத வயிறு என்றே பொருள்படும் ஒரு சொல் விழுந்திருந்தது. மாமா ஒரு வார்த்தை பிசகாமல் அதன்படி நடந்திருக்கிறார். சோற்றோடும் கருவாட்டோடும் காப்பியோடும் போன மாத்திரை உடம்பில் சரியாகச் சேரவேயில்லை.

அன்றே அவள் அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். திட்டவில்லை. என்ன எழுதியிருக்கிறது, தன் மாமா அதை எப்படிப் புரிந்துகொண்டார், அதனால் என்ன ஆயிற்று, எப்படி எழுதியிருக்கலாம் என்று நேராகச் சொல்லியிருந்தாள். நிறுவனத்துக்காக இந்த மாதிரி எழுத்து வேலையெல்லாம் செய்யும் மணிலா அலுவலகம் ஒன்றிலிருந்து பதில் வந்தது. மன்னிப்பு கேட்டிருந்தார்கள். கீழே ஒரு வரி: நீங்கள் எங்களிடம் வேலைக்கு வருவீர்களா?

எனக்கு ஃபோன் வந்தது.

"செங். பழம்!"

மாமாவும் காலையில் எழுந்ததும் மாத்திரையைப் போட்டுவிட்டுப் பிறகு சாப்பிட ஆரம்பித்தார். முகத்தில் தெளிவு வந்தது. மீண்டும் நடமாடினார். ஆனால் தூக்கம் மட்டும் முழுசாகப் போகவில்லை. நோய் பாதி, சுபாவம் பாதி என்று அப்புறம்தான் குடும்பத்துக்குத் தெரிந்தது.

மங்குபாத்திடம் விடைபெறப் போனபோது நானும் கூட இருந்தேன். அவர் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"எங்கே போறே?"

"மணிலாவுக்கு, சார். மருத்துவ எழுத்தாளர் வேலை."

"ஆராய்ச்சியா?"

"மருந்துச் சோதனை நடத்துறவங்களுக்கு அறிக்கை எழுதித் தரணும். டாக்டர்களோட கட்டுரைக்கு உதவணும். நோயாளிங்க படிக்கிற தாள் எழுதணும்."

மங்குபாத் நுண்ணோக்கியின் குமிழைத் திருகினார். பிறகு சொன்னார்: "நத்தைக்குத் துரோகம் பண்ணிட்டே."

எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்து பார்த்தால் காயா அழுதுகொண்டிருந்தாள். அவருடைய கோபத்தைத் தாங்கியிருப்பாள். நத்தையை இழுத்ததுதான் தாங்கவில்லை போலிருக்கிறது.

அதன் பிறகு வருஷங்கள் ஓடின. அவள் ஒரு குழுவுக்குத் தலைவியானாள். இங்கே எனக்கு ஆய்வு மாணவர்களின் நலத்தைப் பார்க்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. பொறுப்பு என்றால் பெரும்பாலும் அவர்கள் புலம்புவதைக் கேட்பது. படித்து முடித்து என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பேராசிரியராக வேண்டும் என்பது ஒன்றுதான் அவர்களுக்குச் சொல்லித்தரப்பட்ட வழி. அந்த வழியிலோ மலேசியா வரைக்கும் வரிசை நின்றது. அதனால் வேலை வழிகாட்டும் நாள் ஒன்று ஏற்பாடு செய்து காயாவைக் கூப்பிட்டேன்.

"மங்குபாத் சார் வருவாரா?"

"முன்வரிசையில உட்காருவார்."

"அப்ப நான் வரல."

"நீ வரலேன்னா அந்த நேரத்தைத் தனக்குக் குடுங்கன்னு ஆயுள் காப்பீட்டு முகவர் ஒருத்தர் ஒத்தக்கால்ல நிக்கிறார்."

"சரி, வரேன். மாமாவும் கூட வர்றார்."

"அவர் எதுக்கு?"

"உங்க ஊர் வெந்நீர் ஊத்துல குளிக்கணுமாம். எனக்கும் பக்கத்துல சொந்த மனுஷன் ஒருத்தர் இருந்தா கொஞ்சம் தைரியம்."

வந்தார்கள். மாமா வாழையிலையில் கட்டிய சுமான் என்ற ஒட்டரிசிப் பலகாரத்தை ஒரு கூடை நிறைய கொண்டுவந்திருந்தார். மாணவர்கள் பேச்சைவிட அதற்குத்தான் அதிக மரியாதை கொடுத்தார்கள். காயா அழகழகான படங்களைத் தயார் செய்து வந்திருந்தாள். முதல் படம் திரையில் விழுந்தது. "மருத்துவ எழுத்து என்றால் என்ன?" அவ்வளவுதான், மின்சாரம் போய்விட்டது. விசிறி நின்றது. திரை இருண்டது. காயாவின் முகமும் இருண்டது. முன்வரிசையில் மங்குபாத் கையைக் கட்டிக்கொண்டு, விதி தன் பக்கம் நிற்கிறது என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

காயா தொண்டையைச் செருமினாள். "சரி, நான் அப்புறம் சொல்றேன். முதல்ல நீங்க சொல்லுங்க. நீங்க என்ன ஆராய்ச்சி பண்றீங்க?"

கிரிசாந்தோ எழுந்தான். யாராவது தும்மினால்கூட ஆதாரம் கேட்கும் ரகம் அவன். "நன்னீர் மீன்வளர்ப்புச் சூழலமைவுகளில் பன்மருந்து எதிர்ப்புத்திறன் மரபணுக்களின் கிடைமட்டப் பரவல்..."

கிடைமட்டம் என்ற சொல் காதில் விழுந்ததும் மாமா கிடைமட்டமானார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது வசதியாகப் போயிற்று. ஒரு குறட்டை, பின்னாலேயே இன்னொன்று. அறையே சிரித்தது. கிரிசாந்தோவின் காது சிவந்தது.

காயாவுக்கு அந்த நொடியில்தான் உயிர் வந்தது. அவள் மாமாவை உலுக்கி எழுப்பி, நாற்காலியோடு நடுவில் கொண்டுவந்து உட்காரவைத்தாள்.

"இவர் என் மாமா, அம்போ. ஜீப்னி ஓட்டினவர். முட்டாள் இல்ல, ஆனா போரடிச்சா தூங்கிடுவார். மறைச்சு வைக்கத் தெரியாது, உங்க ஆய்வுக் குழுவுல இருக்கிற பேராசிரியருங்க மாதிரி இல்ல. உங்க ஆராய்ச்சியை இவருக்குச் சொல்லுங்க. இவர் கண்ணை மூடினா நீங்க அவுட். என் வேலை கிட்டத்தட்ட இதுதான்."

"நான் என்னம்மா பண்ணணும்?" என்றார் மாமா பதறிப்போய்.

"ஒண்ணும் பண்ண வேணாம் மாமா. தூக்கம் வந்தா தூங்குங்க."

"ஆலா ஏ! அது எனக்குக் கைவந்த கலையாச்சே" என்று பத்தாங்காஸ் வாடை வீசச் சொல்லிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

வரிசையாக வந்தார்கள். வரிசையாக வீழ்ந்தார்கள். ஒருவன் வரைபடமெல்லாம் போட்டுக் காட்டினான். மாமா அவனுக்கு மரியாதை கொடுத்து, ஒரு கண்ணை மட்டும் மூடினார். அமிஹான் என்ற பெண், இதுவரை எந்தக் கூட்டத்திலும் வாயே திறக்காதவள், கடைசியாக எழுந்து வந்தாள். மாமாவுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"தாத்தா, எருமைப்பால் பாலாடைக்கட்டி சாப்பிடுவீங்களா?"

"ரொட்டிக்குள்ள வச்சா அது ஒண்ணே போதுமே."

"ரெண்டு நாள்ல புளிச்சுப் போகுதுல்ல? அதுல கெட்ட கிருமி வந்து குடியேறிடுது. நான் என்ன பண்றேன்னா, நல்ல கிருமிகளை முன்னாடியே உள்ளே ஏத்தி உட்கார வச்சிடறேன். அப்புறம் கெட்டது வந்தா உட்கார இடமிருக்காது. ஜீப்னி நிறைஞ்சுட்ட மாதிரி."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஜீப்னியில எப்பவுமே இன்னும் ஒருத்தருக்கு இடம் இருக்கும்மா."

"அதேதான் தாத்தா என் பிரச்சினையும்! ஒண்ணு எப்படியோ ஏறிடுது. அது எங்கே தொத்திக்கிட்டு வருதுன்னுதான் தேடறேன்."

"பின்னாடி கம்பியைப் பாரு. அங்கதான் தொங்குவானுங்க."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அது அடங்கும்வரை காத்திருந்து கிரிசாந்தோ கையைத் தூக்கினான். தோற்ற எரிச்சல் அவன் குரலில் இருந்தது.

"மேம், விளையாட்டெல்லாம் சரி. உங்களுக்குச் சம்பளம் குடுக்கறது மருந்து கம்பெனி. அவங்க பொய் எழுதச் சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"அப்படிக் கேளு!" என்றார் மங்குபாத். அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

காயா மேசை மேல் சாய்ந்து உட்கார்ந்தாள். அவசரப்படவில்லை. "பொய் எழுதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, தம்பி. அப்படிச் சொன்னா வேலை சுலபம், எழுந்து போயிடலாம். 'இதைக் கொஞ்சம் பின்னாடி போடுங்களேன்'னு சொல்லுவாங்க. ஒரு வலி மருந்து. அதைச் சாப்பிட்ட சில பேருக்குக் கல்லீரல்ல கோளாறு வந்திருந்தது. நான் அதை முதல் பக்கச் சுருக்கத்துல எழுதியிருந்தேன். விற்பனைப் பக்கத்து ஆள் ஒருத்தர், கடைசியில இருக்கிற அட்டவணையில போட்டா போதுமேன்னார். அட்டவணையில இருந்தா பொய்யில்ல. ஆனா யார் அங்கே வரைக்கும் படிப்பாங்க?"

"நீங்க என்ன பண்ணீங்க?"

"மாட்டேன்னேன். நான் பெரிய வீராங்கனை இல்ல. நல்லவேளை, அந்தச் சோதனையை நடத்தின டாக்டரம்மா என் பக்கம் நின்னாங்க. அது முதல் பக்கத்துலயே வந்தது. அந்த ஆள் அதுக்கப்புறம் எங்களுக்கு வேலை தரல. எங்க மேலாளர் என்னைக் கொஞ்ச மாசம் இருமல் மிட்டாய்த் தாள் எழுத உட்கார வச்சார்." மேசையிலிருந்து எழுந்தாள். "இன்னொரு தடவை யாரும் என் பக்கம் நிக்கல. என்னை அதுலேர்ந்து எடுத்துடுங்கன்னு கேட்டு விலகிட்டேன். அந்த அறிக்கை எப்படி வந்ததுன்னு எனக்குத் தெரியாது. ஜெயிச்ச கதையை மட்டும் சொல்லிட்டுப் போனா அதுவும் பின்னாடி அட்டவணையில போடற வேலைதானே?"

கிரிசாந்தோ உட்கார்ந்தான். மங்குபாத் எழுந்தார்.

"உழைப்பு உன்னோடது. மேலே பேர் எவனோடதோ. பேர் இல்லாத எழுத்து என்ன எழுத்து?"

"கட்டுரைன்னா கீழே நன்றி சொல்ற இடத்துல என் பேர் இருக்கும், சார். இருக்கணும்கறது விதி. அதைப் போட மாட்டேங்கறவங்களுக்கு நாங்க எழுதறதில்ல." அவள் மாணவர்கள் பக்கம் திரும்பினாள். "ஆனா சார் சொல்றது ஒரு விதத்துல சரி. பேர் மேலேயே இருக்கணும்னு ஆசை இருக்கிறவங்க இந்த வேலைக்கு வராதீங்க. தினமும் வயிறெரியும்."

பின்வரிசையில் யாரோ மெதுவாக, "சார் சொல்லட்டும்" என்றார்கள். இன்னொரு குரல் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க மேசையைத் தட்டிக்கொண்டு, "சார்! சார்! சார்!" ஆட்டத்திலிருந்து நழுவ மங்குபாத்துக்கு மரியாதையான வழி எதுவும் இருக்கவில்லை. அவர் போய் மாமாவுக்கு எதிரே உட்கார்ந்து, கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு புறப்பட்டார். அதே மக்கிலிங் மலைப் பயணம். மாமா அடிவாரம் தாண்டவில்லை. தலை தொங்கியது. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மாணவர்கள் கூரையைப் பார்த்தார்கள். எனக்கே பாவமாக இருந்தது. காயா மாமாவை எழுப்பக் கையை நீட்டினாள். மங்குபாத் தடுத்துவிட்டார்.

அவர் தூங்குகிற மனிதரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார், நுண்ணோக்கியில் பார்ப்பதுபோல. பிறகு அவர் முழங்காலை மெல்லத் தட்டினார்.

"அம்போ. வாத்து வளர்க்கறியா?"

"ம்? ஆங். இருக்கு, கொஞ்சம்."

"வயல்ல விடுவியா? நத்தை தின்னுமா?"

"தின்னுமாவா? வாரி முழுங்கும், சார்." மாமாவின் கண் முழுசாகத் திறந்துகொண்டது. "ஆனா ஒண்ணு. அந்தச் சிவப்பு முட்டையை மட்டும் தொடாது. மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கும். நானும் எத்தனையோ தடவை யோசிச்சிருக்கேன். ஏன் சார் அது?"

மங்குபாத்தின் முகத்தில் நான் அன்று பார்த்ததை ஆய்வகத்தில் இருந்த அத்தனை வருஷத்திலும் பார்த்ததில்லை.

"விஷம், அம்போ. தாய் நத்தை முட்டைக்குள்ள விஷத்தை வச்சுட்டுப் போகுது. அந்தக் கலர் இருக்கே, அது எச்சரிக்கைப் பலகை. 'தின்னாதே, செத்துப்போவே'ன்னு."

"அடேங்கப்பா! நத்தைக்கு அவ்வளவு மூளையா?"

"மூளை எங்கே இருக்கு? சொல்றேன் கேளு..."

மின்சாரம் திரும்பி வந்தது. விசிறி சுற்றியது. யாரும் திரையைப் பார்க்கவில்லை. அடுத்துப் பேச வேண்டிய மாகாணத் தடயவியல் அதிகாரியே நின்றபடி நத்தைக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்தபோது மங்குபாத் காயாவிடம் வந்தார். "இப்பவும் உன் வேலை எனக்குப் பிடிக்கல."

"சரி, சார்."

"அடுத்த வாரம் உன் மாமாவைக் கூட்டிட்டு வா. அந்த வாத்துகளையும்."

வாத்துகள் வரவில்லை. மாமா வந்தார், அப்புறமும் பல தடவை வந்தார். வெந்நீர் ஊற்றில் இரண்டு பேரும் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து வாக்குவாதம் செய்வதைப் பார்த்ததாகப் பலர் என்னிடம் சொன்னார்கள். ஒரு தடவை அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தாராம். யார் என்று கேட்டால், அது மங்குபாத்தாம்.

மாணவர்களில் காயாவோடு போகப்போவது அமிஹான்தான் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவளும் காயாவின் அலுவலகம் வைத்த எழுத்துத் தேர்வை எழுதினாள், முதலாவதாக வந்தாள், வேலை வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். "என் ஆராய்ச்சியை எனக்கே இப்பத்தான் புரிஞ்சிருக்கு சார். இப்பப் போய் விட்டுட்டுப் போகச் சொல்றீங்களே!" பாலாடைக்கட்டியோடு இன்றும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். சந்தோஷமாகத்தான்.

கிரிசாந்தோ யாருக்கும் தெரியாமல் அதே தேர்வை எழுதித் தோற்றிருக்கிறான். தோற்றதோடு விடுகிற ஆளா? கேள்வித்தாளில் எந்தக் கேள்வி குழப்பமாக இருந்தது, ஏன், அதை எப்படிக் கேட்டிருக்க வேண்டும் என்று காயாவுக்கு ஒரு புகார் அனுப்பினான். அவள் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"செங், இந்தப் பையன் கோபத்துல எழுதினா ஒரு வார்த்தைகூட அதிகமா இல்ல. இவனை எப்பவும் கோபமாவே வச்சிருக்க முடியுமா?"

"அது ரொம்பச் சுலபம்."

வேலைக்கு எடுத்துக்கொண்டாள். முதல் சில மாதங்கள் அவன் எழுதிய தாள்களைச் சிவப்பு மையில் குளிப்பாட்டினாள். அவன் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஆதாரம் கேட்டான். அவளும் கொடுத்தாள். சில சமயம் அவன் சொல்வது சரியாக இருந்து, தன் திருத்தத்தைத் தானே அடித்துவிட்டுக் காப்பி வாங்கிக் கொடுத்தாள். கிரிசாந்தோ அவளை மேம் என்று கூப்பிடுவதை விட்டு அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தது அந்தக் காப்பிகளில் ஏதோ ஒன்றுக்குப் பிறகுதான்.

அவன் முதன்முதலாகத் தனியாக எழுதியது, குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு ஒரு புதிய சொட்டு மருந்தைச் சோதிப்பதற்கான ஒப்புதல் தாள். குழந்தையைச் சோதனையில் சேர்ப்பதா வேண்டாமா என்று தாய்மார்கள் படித்து முடிவு செய்வதற்கானது. அது புரிகிறதா என்று பார்க்க, காயா அவனைப் பத்தாங்காஸில் ஒரு சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனாள். இடுப்பில் குழந்தையோடு ஓர் இளம் தாய் உட்கார்ந்து நிதானமாகப் படித்தாள். குழந்தை தாளின் ஓரத்தைச் சப்பியது.

"இதுல சேர்ந்தா என்ன நடக்கும்னு உங்க வார்த்தையில சொல்லுங்களேன்" என்றான் கிரிசாந்தோ.

"பாதிப் பிள்ளைங்களுக்கு மருந்து, பாதிப் பிள்ளைங்களுக்குச் சும்மா இனிப்புத் தண்ணி. இவனுக்கு எது கிடைக்கும்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நடுவுல ரத்தம் எடுப்பீங்க. பிடிக்கலேன்னா எப்ப வேணாலும் நின்னுடலாம். சேராட்டியும் இங்கே எப்பவும்போல வைத்தியம் பார்ப்பாங்க."

கிரிசாந்தோவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றையும் விடாமல் சொல்லிவிட்டாளே! "அப்ப சேர்ப்பீங்களா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"ஊசின்னா இவனுக்கு ஆகாதுங்க. போன தடவை நர்ஸைக் கடிச்சு வச்சுட்டான். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

அவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தான். காயாவுக்கோ வாயெல்லாம் பல். அவனை இழுத்துக்கொண்டுபோய் எதிர்க்கடையில் இரண்டு கிண்ணம் லோமி நூடுல்ஸ் சூப் சொன்னாள்.

"அவங்க வேண்டாம்னு சொன்னதுக்கா அக்கா இவ்வளவு சந்தோஷம்?"

"படிச்சா, புரிஞ்சுது, யோசிச்சா, வேண்டாம்னா. ஒண்ணும் புரியாம சரின்னு தலையாட்டிக் கையெழுத்துப் போட்ட அம்மாங்களை நான் நிறைய பார்த்திருக்கேன்டா."

கிரிசாந்தோ குனிந்து லோமியைச் சாப்பிட்டான். கிண்ணத்தில் பாதி முடிந்த பிறகுதான் தலையை நிமிர்த்தினான்.

"அந்த ரத்தம் எடுக்கற விஷயத்தை இன்னும் மேலே கொண்டு வரணும், அக்கா. அவங்க அதைத் தேடித்தான் கண்டுபிடிச்சாங்க. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

காயா தன் கிண்ணத்தில் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே, "கொண்டு வா" என்றாள்.